வலது சக்கரத்தில் கீறல்

நவம்பர் 3, ஞாயிறு

டயரின் பக்கவாட்டில் இவ்வளவு எழுதியிருக்கும் என்று இருபத்தெட்டு வயதுவரை எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்று காலை ஷெட்டில் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்துப் படித்தேன். 5.20-14. முதல் எண் டயரின் அகலம், அங்குலத்தில். இரண்டாவது, அது உட்காரும் இரும்புச் சக்கரத்தின் குறுக்களவு. அதற்குக் கீழே ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள்: 3113. இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் ஆண்டின் முப்பத்தோராவது வாரம். டயருக்கும் பிறந்தநாள் இருக்கிறது.

அப்பாவின் ஃபியட் என்னைவிட இருபது வயது மூத்தது. டிசம்பர் எட்டாம் தேதி கோவைப் பழைய கார்க்காரர்கள் எல்லோரும் ஊர்வலமாக வால்பாறைக்கு ஏறுகிறார்கள். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். அதற்குள் டயர் மாற்றியாக வேண்டும். தேடும் வேலை எனக்கு. "நீதான் எந்நேரமும் எதையாச்சும் படிச்சுட்டே கெடக்கறியே, இதையும் படி" என்றார் அப்பா. பாடநூல் மெய்ப்புத் திருத்துவதைவிட இது சுவாரசியம் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

"பட்டன் இன்னும் தேயவே இல்லையே" என்று டயரின் மேல்தடத்தை நகத்தால் கீறிக் காட்டினார். தேயவில்லைதான். ஆனால் பக்கவாட்டு ரப்பர் கோடை வயல்போல வெடித்திருக்கிறது. மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்தவர். நூலில் ஒரு பிசிறு இருந்தால் பத்தடியிலிருந்து கண்டுபிடிப்பார் என்பார்கள்.

பக்கத்தில் அம்மா வைத்த காபியைத் தட்டிவிட்டு, பூனையைத் திட்டினார். பூனை அப்போது மதில்மேல் இருந்தது.

நவம்பர் 5, செவ்வாய்

டயர் கடை. மூவரும் போனோம். அம்மா இல்லாமல் அப்பா வண்டி எடுப்பதே இல்லை. அம்மா முன்னால், நான் பின்னால் புத்தகத்தோடு. வழியெல்லாம் அம்மா பேசிக்கொண்டே வந்தாள். "பூக்காரி உக்காந்திருக்கறா பாருங்க. சைக்கிள்ல ஒருத்தன் போறான். பஸ் ஸ்டாப்புல என்ன கூட்டமுங்க. ஆட்டோ ஒண்ணு எட்டிப் பாக்குது." இத்தனை வருடமாகியும் அம்மாவுக்கு இந்த ஊர் அலுக்கவில்லை. எனக்கோ பக்கத்துத் தெருவின் பெயர்கூடத் தெரியாது.

கடைக்காரர் ஜாகீருக்கு என் வயதுதான் இருக்கும். வண்டியைச் சுற்றி வந்து முதலில் கேட்டது: "யாருங்க ஓட்டப்போறது?"

"இதென்ன கேள்வி? நான்தான்" என்றார் அப்பா.

"கோவிச்சுக்காதீங்கய்யா. டயர் வண்டிக்கு இல்லீங்க, ஓட்டறவங்க கைக்கு."

மூன்று வழிகள் சொன்னார். ஒன்று, இப்போது இருப்பது போலவே பழைய முறை டயர். எங்கோ ஒரு குடோனில் தேடி வரவழைக்க வேண்டும். இரண்டாவது, இதே சக்கரத்துக்குப் பொருந்தும் ரேடியல், இப்போதைய வண்டிகளில் வரும் டயர். மூன்றாவது, பளபளக்கும் அலாய் சக்கரமும் அகலமான டயரும். மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் விளக்கு எரிந்தது.

"என்ற வண்டிக்கு வளையல் போடப் பாக்கறியா?" என்றார் அப்பா.

"அறுபதாங் கல்யாணத்துக்கும் நகை போடறாங்கல்லீங்கய்யா?"

"போடறாங்க. பொண்ணு அவளேதான். நீ ஆளையே மாத்தச் சொல்றே."

அம்மா சிரித்து இருமினாள். அப்பாவுக்குப் பழைய முறை டயர்தான் வேண்டுமாம். வண்டி பிறந்தபோது எப்படி இருந்ததோ அப்படி. ஜாகீர் தலையைச் சொறிந்தார். "அந்த டயர் ரோட்டுல ஒரு கோடு, ஒரு வரப்பு கெடச்சாப் போதுமுங்க, அது பின்னாடியே போயிரும். பழகின கைதான் இழுத்துப் புடிக்கோணும்."

"இது பழகின கைதான்."

நவம்பர் 6

மெய்ப்பு நாற்பது பக்கம். தக்காளி வாங்க மறந்தேன்.

நவம்பர் 9, சனி

பழைய இரும்புச் சக்கரங்கள் புது டயரைத் தாங்குமா என்று பார்க்க ஜாகீர் நான்கையும் கழற்றினார். குரோம் மூடிகளை எடுத்ததும்தான் தெரிந்தது. நான்கு சக்கரத்தின் வெளி விளிம்பிலும் கல்லில் உரசிய தழும்பு. இரண்டில் விளிம்பே உள்ளே மடங்கியிருந்தது.

"நாலுமே உரசியிருக்குதுங்க" என்றார் ஜாகீர்.

"ரோடு போட்டிருக்கற லட்சணம் அப்படி" என்றார் அப்பா வேகமாக. "தட்டி எடுத்துரு."

நான்குமே. வீட்டுக்கு வந்தும் இந்தச் சொல் போகவில்லை. மெய்ப்புத் திருத்துபவளுக்கு வரும் நோய் இது. பக்கம் சரியாகத்தான் இருக்கும், ஆனால் கண் ஓர் இடத்திலிருந்து நகராது.

நவம்பர் 10, ஞாயிறு

நகராத இடம் எது என்று கண்டுபிடித்தேன். நாம் சாலையின் இடப்பக்கம் போகிறோம். இடப்பக்கம் நிறுத்துகிறோம். நடைபாதைக் கல் இடப்பக்கம்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு கேட்டில்கூட இடத் தூண்தான் முன்னே துருத்தி நிற்கும். வலது சக்கரத்துக்கும் கல்லுக்கும் என்ன உறவு?

சரிபார்க்கத் தெருவில் இறங்கினேன். நின்றிருந்த ஒவ்வொரு காருக்கும் குனிந்து இரு பக்கச் சக்கரங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். மூன்றாம் வீட்டு சரோஜினி அக்கா வாசலுக்கு வந்துவிட்டார். "ஏனுங் அம்மிணி, கம்மல் கிம்மல் தொலைச்சுப்போட்டீங்களா?"

"இல்லீங்க்கா. சும்மா சக்கரம் பாக்கறேன்."

அவர் அதை நம்பவில்லை. அவருடைய காரின் இடது முன்சக்கரத்தில் நல்ல ஆழமான கீறல் இருந்தது. வலதில் ஒன்றுமில்லை. தெரு முழுக்க அப்படித்தான்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "நம்ம வண்டியில மட்டும் வலது சக்கரமும் எப்படிப்பா உரசிச்சு?"

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "இடதை வலதுக்கு மாத்திப் போட்டேன். எல்லாம் சமமாத் தேயணுமில்ல?" என்றார்.

"எப்போ?"

"சித்திரையில."

சரியான பதில். டயரை இடம் மாற்றிப் போடுவது எல்லோரும் செய்வதுதான். படித்திருக்கிறேன். அம்மா மட்டும் ரசக் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள். சித்திரையில் அவள் இங்கே இல்லை. சித்தி மகளின் பிரசவத்துக்கு உடுமலை போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள்.

உரசிய சக்கரங்கள் வலதுக்குப் போயின. உரசாத சக்கரங்கள் இடதுக்கு வந்தன. அப்படியென்றால் அவையும் அதன்பிறகு உரசியிருக்கின்றன. இதை நான் கேட்கவில்லை. பாயசம் நன்றாக இருந்தது.

நவம்பர் 14, வியாழன்

குடோனிலிருந்து பழைய முறை டயர்கள் வந்துவிட்டதாக ஜாகீர் அழைத்தார். நான் மட்டும் பேருந்தில் போனேன். காகிதம் சுற்றி, மணக்க மணக்க, மணப்பெண்போல நான்கு டயர்கள். நீள்வட்டத்தைத் தேடினேன். 0816.

"இதுக்கு எட்டு வயசாச்சுங்க" என்றேன்.

ஜாகீர் குனிந்து பார்த்தார். "தூங்கிட்டிருந்த டயருங்க. ஓடவே இல்ல."

"தூங்கினாலும் வயசாகுமில்லீங்களா?"

"ஆகுமுங்க" என்றார் சோகமாக. "எங்க மாமா அப்படித்தான்."

ஓடாத டயரும் உள்ளுக்குள் காய்ந்து போகிறது என்று நேற்றுத்தான் படித்தேன். மலையில் ஏற்றக்கூடாது. ஆகவே ரேடியல். மாலையில் கணக்குப் போட்டேன். பழைய டயரின் மொத்த உயரமும் 155/80 R14 என்ற ரேடியலின் உயரமும் ஏறக்குறைய ஒன்றுதான். வேகமானி பொய் சொல்லாது. வண்டியும் குட்டையாகத் தெரியாது. எங்கள் சக்கரம் பழைய காலத்தது, டியூப் இல்லாத டயரைப் பிடித்து வைக்கும் மேடு அதன் உள்விளிம்பில் இல்லை. ஆகவே உள்ளே டியூப் போட்டாக வேண்டும். இப்படி ஒன்றோடொன்று பொருந்துவதைப் பார்க்க எனக்கு வெகுநேரம் சந்தோஷமாக இருந்தது.

அப்பாவிடம் சொன்னேன். "அதுக்கு ஸ்டீயரிங் கனமாயிரும். நேரா நல்லாப் போகும், திருப்பறப்பக் கை வலிக்கும்" என்று முகத்தைச் சுளித்தார். நான் அவருக்கு இடப்பக்கம் நின்றிருந்தேன். முகத்தைத் திருப்பி என்னைத் தேடினார்.

நவம்பர் 17, ஞாயிறு

கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அம்மா சொன்னாள். "வால்பாறைக்கு நீ உங்கப்பாகூடப் போயிட்டு வா கண்ணு. எனக்கு ரெண்டாவது வளைவிலயே வாந்தி வந்துரும்."

"அப்பாகூட அவரோட சிநேகிதர் வர்றார்ல?"

"அவர் வண்டியில ஏறினாத் தூங்கிருவாரு. நீ போ. முன்னால உக்காந்துக்க. பேசிட்டே வா."

"எனக்கென்னம்மா பேச வரும்?"

"பாக்கறதைச் சொல்லு, போதும்." அம்மா கீரைத் தண்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "உங்கப்பாவுக்கு யாராச்சும் பேசிட்டு வந்தாத்தான் ஓட்டப் புடிக்கும்."

சரி என்றேன். முப்பது வருடத் தாம்பத்தியத்தைப் பற்றி நான் படித்த எந்த நாவலிலும் இவ்வளவு இதமான காரணம் இல்லை.

நவம்பர் 22, வெள்ளி

சிறுவாணி சாலையில் ஒரு சுற்று. பழைய டயர்களோடுதான். நானும் அப்பாவும் மட்டும். நான் முன்னிருக்கையில்.

மழை விட்ட காலை. மலைகள் அருகில் வந்து நின்றன. நான் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் நான் ஒருவருக்குச் செய்யக்கூடிய மரியாதை என்று எப்போதும் நினைத்திருக்கிறேன். தூரத்தில் சாலையோரம் ஒரு சிவப்புக் குடை தெரிந்தது. அதன் கீழே தள்ளுவண்டியில் இளநீர்க் குலைகள். பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளை மீசையோடு ஒருவர். எவ்வளவு அழகு என்று பார்த்துக்கொண்டே வந்தேன். குடை பெரிதாகிக்கொண்டே வந்தது. அந்த மனிதர் அரிவாளோடு பின்னால் துள்ளியதைப் பார்த்த பிறகுதான் கத்தினேன்.

அப்பா வலதுக்கு ஒடித்து, மீண்டும் இடதுக்கு இழுத்து, மைல்கல்லில் சக்கரம் உரச நிறுத்தினார். இளநீர்க்காரருக்கு ஒன்றுமில்லை. தள்ளுவண்டிக்கும் ஒன்றுமில்லை. இரண்டு காய்கள் உருண்டு வாய்க்காலுக்குப் போயின.

"எங்கிருந்துடா வந்தான் இவன்?" என்றார் அப்பா.

இளநீர்க்காரர் பதில் சொன்னார். "எங்கியும் வரலீங்க சாமி. பத்து வருசமா இங்கியேதான் நிக்கறன்."

"டயர் இழுத்துருச்சு" என்றார் அப்பா என்னிடம். "பழசில்லையா. கோட்டைப் புடிச்சுட்டுப் போயிருச்சு."

இருக்கலாம். அந்த டயரின் குணம் அது. இறங்கி இளநீர் குடித்தோம். குடிக்கும்போது சாலையைப் பார்த்தேன். புதிதாகப் போட்ட தார். கோடு இல்லை, வரப்பு இல்லை.

திரும்பும்போது நான் பேச ஆரம்பித்தேன். எனக்கே கேட்காத குரலில்தான். "டீக்கடை. நாய் ஒண்ணு. பொம்பளைங்க ரெண்டு பேர், தலையில புல்லுக்கட்டு. சைக்கிள்." அப்பாவின் தோள்கள் மெல்ல இறங்கின. வண்டி நூல் பிடித்ததுபோல நேராகப் போயிற்று.

பூக்காரி. சைக்கிள்காரன். பஸ் ஸ்டாப். எட்டிப் பார்க்கும் ஆட்டோ. அம்மா சொல்லிவந்த எதுவும் ஒருநாளும் வலப்பக்கம் இருந்ததில்லை.

நவம்பர் 23, சனி

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டேன்.

"என்ன தெரியும்?" என்றாள் அம்மா. மாவு அரைப்பதை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினாள். "போன வருசம் தீபாவளிக்கு மின்னாடியே. இடது கண்ணுல ஓரம் மங்கலா இருக்குதுன்னாரு. டாக்டர்கிட்டப் போலாமுங்கன்னா, வண்டிய வித்துருன்னு சொல்லிருவான்ங்கறாரு. வால்பாறை போயிட்டு வந்து பாத்துக்கலாமாம்."

"வால்பாறை போயிட்டு வரணுமில்ல?"

அம்மா விரலில் ஒட்டிய மாவை வழித்தாள்.

"கண்ணுல வர்றது எல்லாமே காத்திட்டிருக்காதும்மா. சிலது திரும்பி வராது."

"தெரியுஞ் சாமி. நான் சொல்லிப் பாத்துட்டேன். நீ சொன்னா அவருக்கு அவமானமாப் போயிரும். மில்லையும் வுட்டாச்சு. இதையும் வாங்கிட்டா மனுசன் அந்த நாற்காலியிலயே உக்காந்துக்குவாரு."

எனக்கு ஒன்று தோன்றியது. இங்கே எழுதாமல் விடுகிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

"அப்பா, வண்டியை ஒருதடவ நான் ஓட்டிப் பாக்கட்டுமா?"

செய்தித்தாளுக்கு மேலே வலது கண் வந்தது. "இதென்ன புதுசா?"

"டயர் நான்தானே தேர்ந்தெடுக்கறேன்? ஓட்டாம எப்படித் தெரியும்?"

கல்லூரியில் வாங்கிய ஓட்டுநர் உரிமம் இதுவரை அடையாள அட்டையாக மட்டுமே பயன்பட்டது. இந்த வண்டியில் கியர் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே ஒரு கொம்புபோல நீட்டிக்கொண்டிருக்கிறது. முதல் கியரென்று நினைத்து நான் போட்டது மூன்றாவது. வண்டி இருமி நின்றது. மறுபடி நின்றது. அப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல மாதங்களாகின்றன. அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆச்சரியம் என்னவென்றால், எனக்குப் பிடித்திருக்கிறது. சாலை கை வழியாகத் தெரிகிறது. எந்தப் புத்தகத்திலும் இது இல்லை.

நவம்பர் 25

தோள்பட்டை வலி. தைலம்.

நவம்பர் 28, வியாழன்

தினமும் காலையில் ஒரு சுற்று, அம்மாவோடு. பழக்க தோஷத்தில் எனக்கும் இடப்பக்கத்தை ஒப்பித்துக்கொண்டே வருகிறாள். "எனக்குத் தெரியுதும்மா" என்றேன். "அட ஆமா" என்று வாயை மூடினாள். இரண்டு நிமிடத்தில், "எருமை" என்றாள்.

நவம்பர் 30, சனி

ரேடியல் மாட்டியாயிற்று. அலாய் இல்லை. தட்டி நிமிர்த்திய அதே இரும்புச் சக்கரங்கள், சாம்பல் வண்ணம் பூசி, குரோம் மூடியோடு. ஜாகீரின் முகத்தில் விளக்கு எரியவில்லை. ஆனாலும் தூர நின்று பார்த்துவிட்டு, "வண்டிக்குப் பொருத்தமாத்தாங்க இருக்குது" என்று ஒப்புக்கொண்டார்.

காற்று அடிக்கும் முன் மறுபடி அதே கேள்வி. "யாருங்க ஓட்டப்போறது? மலைக்குத் தகுந்தமாதிரி வைக்கறேன்."

அப்பா வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். "இவளும் ஓட்டிப் பழகறா" என்றார். பிறகு, "வால்பாறைக்கு நான்தான்" என்றார்.

வால்பாறைக்கு இன்னும் ஒரு வாரம்.

டிசம்பர் 1, ஞாயிறு

புது டயரில் நான் ஓட்ட, அப்பா முன்னிருக்கையில். பேரூர்வரை போய்த் திரும்பினோம். வண்டி நேராகப் போகிறது. திருப்பும்போது கனக்கிறது, அவர் சொன்னதுபோலவே. வீடு வந்தது. கேட்டுக்குள் திருப்பினேன். கொஞ்சம் முன்னதாகவே திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. இடத் தூணில் சக்கரம் உரசும் சத்தம் ஒரு நீளமான வாக்கியம்போலக் கேட்டது. புது வண்ணம். நேற்று அடித்தது.

எஞ்சினை நிறுத்தினேன். இருவரும் அசையவில்லை. அம்மா வாசலில் தோசைக் கரண்டியோடு.

"பரவால்ல கண்ணு. எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றார் அப்பா.

நான் யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. "சித்திரையில போட்ட மாதிரி வலதுபக்கம் மாத்திப் போட்டுரலாமாப்பா? அம்மாவுக்குத் தெரியாது."

அவர் முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து சிவந்தது. சொல்லியிருக்கக்கூடாதோ என்று நினைத்தேன். பிறகு அவர் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் சிரித்தார். வலது கண்ணையும் இடது கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எப்பக் கண்டுபுடிச்சே?"

"தெரு முழுக்கக் குனிஞ்சு பாத்தேன்."

"அதான் சரோஜினி உனக்கு ஏதோ ஆயிருச்சுன்னு சொல்லிட்டிருந்தாளா?" ஸ்டீயரிங்கைப் பார்த்துச் சொன்னார். "அன்னைக்கு அந்த இளநீர்க்காரன். நெசமாவே எனக்குத் தெரியல கண்ணு. ஆளே இல்ல அங்க. வெறும் ரோடு."

"தெரியும்ப்பா."

"வண்டிய வித்துரச் சொல்லுவானா டாக்டர்?"

"வண்டிக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்குது?"

அம்மா கிட்டே வந்து தூணைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். "உரசிட்டு என்ன ரெண்டு பேருக்கும் சிரிப்பு?"

"செவ்வாக்கிழமை கண் டாக்டர்கிட்டப் போறோம்" என்றார் அப்பா. "இவதான் ஓட்டறா. நீ பின்னாடி உக்காரு. வாயைத் தொறக்காத."

அம்மா கரண்டியைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கருகிய தோசையை மூவரும் சாப்பிட்டோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

கண் நீரழுத்த நோய். இடது கண்ணில் போனது போனதுதானாம். வலதிலும் ஆரம்பித்திருக்கிறது, ஆனால் காப்பாற்றிவிடலாம். ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்று தொடங்கிய மருத்துவர் அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இனி ஓட்டக்கூடாது.

சாவி என் பையில் இருக்கிறது. அப்பா அதைக் கேட்கவில்லை.

டிசம்பர் 5

அப்பா நாற்காலியில். அம்மா இரண்டு முறை என்னைப் பார்த்தாள். மெய்ப்பு முப்பது பக்கம், எழுத்து ஒன்றும் ஏறவில்லை.

மாலையில் அவரே எழுந்துபோய் ஷெட்டில் நான்கு டயருக்கும் காற்றழுத்தம் பார்த்தார். எண்களை வாய்விட்டுச் சொன்னார், நான் கேட்கும்படி.

டிசம்பர் 8, ஞாயிறு

ஆழியாறு தாண்டியதும் மலை ஆரம்பித்தது. முன்னால் ஒரு ஜீப், பின்னால் ஒரு பச்சை அம்பாசிடர். பின்னிருக்கையில் அப்பாவின் சிநேகிதர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார். நான் ஓட்டுகிறேன், அப்பா இடப்பக்க இருக்கையில். அங்கிருந்து அவருடைய நல்ல கண்ணுக்குத் தெரிவது நானும் என் பக்கத்துச் சாலையும்தான். அதை முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார். "லாரி வருது. ரெண்டாவது கியர். குரங்கு. பஸ்ஸுக்கு இடம் விடு. மறுபடியும் குரங்கு."

"எனக்குத் தெரியுதுப்பா."

"சரி, சரி. அந்தா, இன்னொரு குரங்கு."

ஒவ்வொரு வளைவிலும் ஸ்டீயரிங் கனத்தது. டயர்கள் வழுக்கவில்லை, கோட்டைத் தேடி ஓடவில்லை. வளைவு ஏழோ எட்டோ தாண்டியபோது மலைச்சுவர் என் பக்கம் வந்துவிட்டது. அப்பாவின் பக்கம் திறந்து கிடந்தது. முகத்தை அங்கே திருப்பவில்லை. நேராகப் பார்த்தபடி, என்னை முதல்முறையாக ஒரு விஷயம் கேட்பவர்போல மெதுவாகக் கேட்டார்.

"இடது பக்கம் என்ன இருக்குது?"

வேகத்தைக் குறைத்தேன். "பள்ளத்தாக்குப்பா. கீழ ஆழியாறு அணை. தண்ணி நெறைய இருக்கு. ஓரத்துல மட்டும் பழுப்பா, நடுவுல நீலமா. ஒரு மேகம் அது மேல நிழல் போட்டுட்டு நகருது."

"எந்தப் பக்கம் நகருது?"

"நம்ம பக்கம்."

பின்னால் அம்பாசிடர் ஹாரன் அடித்தது. "அவன் கெடக்கறான்" என்றார் அப்பா. "நீ சொல்லு."